அடியில் தண்ணீர், மேலே தைலம்

சளி பிடித்தால் கொதிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு, போர்வைக்குள் ஆவி பிடிக்கச் சொல்வார் அம்மா. அந்தத் தைலம் பிறந்ததும் ஆவியில்தான், தெரியுமா?

ஊட்டிப் பக்கம் கொட்டகை போட்டுத் தைலம் காய்ச்சுகிறார்கள். யூகலிப்டஸை அங்கே கற்பூர மரம் என்பார்கள். அதன் இலைகளைப் பெரிய கொப்பரையில் திணித்து, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி அடுப்பெரிப்பார்கள். காய்ச்சி முடித்த பழைய இலைகளே காய்ந்தபின் விறகு! மூடியிலிருந்து கிளம்பும் குழாய் குளிர்ந்த தண்ணீருக்குள் ஓடி வெளியே வருகிறது. அதன் முனையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, தைலமும் தண்ணீரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தைலம் தனியாகக் கொதிக்க ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்தால் 100 டிகிரியைத் தொடும் முன்பே கிளம்பிவிடுகிறது. இரண்டும் ஒன்றில் ஒன்று கரையாதவை. அதனால் இரண்டின் ஆவியும் தோளோடு தோள் சேர்ந்து, மேலிருந்து அழுத்தும் காற்றைத் தள்ளுகின்றன. தனியாகத் தள்ளுவதைவிட இது சுலபம்.

சரி, சொட்டியதை எப்படிப் பிரிப்பது? ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஒரு லிட்டர் தைலமோ சுமார் 910 கிராம்தான். அதனால் தைலம் தானே மேலே மிதக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றுங்கள். ஒரு மூலை கீழே இருக்கும்படி தூக்கிப் பிடியுங்கள். இரண்டும் தனித்தனியாகப் படிந்ததும், கீழே ஒரு கிண்ணம் வைத்து, மூலையின் நுனியை வெட்டுங்கள். முதலில் தண்ணீர் ஓடும். எண்ணெய் நுனிக்கு வந்ததும் சட்டென்று விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஆய்வகத்தில் உள்ள பிரிபுனல் செய்வதும் இதே வேலைதான்.

ஒன்றோடொன்று கரைந்துபோன திரவங்களிடம் இது பலிக்காது. அங்கே கொதிநிலை வித்தியாசம்தான் துணை. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில், அப்படிக் கரைந்து கலந்த கச்சா எண்ணெயை 350 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். மேலே போகப் போகச் சூடு குறையும். டீசல் ஆவி நடுவிலேயே குளிர்ந்து திரவமாகும். மண்ணெண்ணெய் அதற்கு மேலே. பெட்ரோல் உச்சிக்கு அருகே. ஆவியாகாத மிச்சம் அடியில் தங்கும். அதிலிருந்து எடுப்பதுதான் உங்கள் தெருவில் போட்டிருக்கும் தார்.