வெள்ளித்திரையில் ஓர் அமானிதம்

திரைப்படம் என்னும் சொல்லைச் செவியுற்றதுமே முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆபாசமும் அடிதடியும் மலிந்த படங்களைக் கண்டு மனம் நொந்தவர்கள் அவர்கள். ஆனால் அன்புடையீர், முன்பு கொட்டகைக்குப் போனால்தான் சினிமா; இன்றோ அது கைப்பேசி வடிவில் குழந்தையின் தலையணைக்கு அடியிலேயே குடிபுகுந்துவிட்டது. வாசற்கதவை அடைத்துப் பயனில்லாத இந்நிலையில், பார்க்கத் தகுந்தது எது எனத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோராகிய உங்களையே சார்ந்தது.

அவ்வாறு தேர்ந்தெடுக்கத் தகுந்த ஒன்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ என்னும் பாரசீகப் படமே அது. சிறுவர், இளைஞர்களின் அறிவு வளர்ச்சிக்கென 1965இல் டெஹ்ரானில் தோன்றிய ‘கானூன்’ நிறுவனம் அதனைத் தயாரித்தது. 1999ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான போட்டியில் இடம்பெற்ற முதல் ஈரானியப் படமும் இதுவே.

கதை மிகச் சிறியது. ஏழைச் சிறுவன் அலி, தங்கை ஜஹ்ராவின் காலணியைத் தைத்து வாங்கி வரும் வழியில் காய்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான். வாடகையோ பாக்கி, தாயோ நோயாளி, புதிய காலணி கேட்டால் வாப்பா எங்கே போவார்? எனவே அலியின் ஒரே ஜோடியை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். காலையில் பள்ளி சென்ற ஜஹ்ரா மூச்சிரைக்க ஓடி வந்து கழற்றிக் கொடுக்க, அதை மாட்டிக்கொண்டு அலி பிற்பகல் பள்ளிக்கு ஓடுகிறான்.

இதில் ஒரு காட்சி. பள்ளிவாசலில் தேநீர் வழங்குவதற்காகத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சர்க்கரையைத் தந்தை வீட்டில் அமர்ந்து சிறு கட்டிகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். ஜஹ்ரா தேநீர் கொண்டுவருகிறாள். சர்க்கரை எங்கே எனக் கேட்கிறார் தந்தை. உங்கள் முன்னாலேயே இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் குழந்தை. இது பள்ளிவாசலுக்கு உரியது, நம்மை நம்பிக் கொடுத்தது எனக் கூறி, வீட்டுச் சர்க்கரையையே கேட்டு வாங்குகிறார். அவ்வளவுதான், பின்னணி இசையில்லை, நெடிய உபதேசமில்லை.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு இறைமறை கட்டளையிடுகிறது. நம்பி ஒப்படைத்ததில் மோசடி செய்வதை நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். மதரஸாவில் இவற்றை நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். ஆனால் அமானிதம் என்பது ஒரு துண்டுச் சர்க்கரையிலும் அடங்கியிருக்கிறது என்பதை, வாடகை கொடுக்க வழியற்ற ஒருவரின் கையில் காணும்போதுதான் பிள்ளை அதனை உணர்கிறது. காட்சிக்குரிய ஆற்றல் இது. நம்முடைய சொற்பொழிவாளர்கள் சிலர் ஒரு மணி நேரம் பேசியும் எட்டாத இடம்!

மற்றொரு காட்சியும் உண்டு. தன் காலணியை வேறொரு சிறுமியின் காலில் ஜஹ்ரா கண்டுவிடுகிறாள். அண்ணனும் தங்கையும் அதைக் கேட்டுப் பெறுவதற்காக அவள் வீடுவரை செல்கிறார்கள். அங்கே அச்சிறுமியின் தந்தை பார்வையற்றவர் எனக் கண்டதும், ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள்.

படத்தை முற்றும் புகழ்வதற்கில்லை. பெற்றோரிடம் அலி உண்மையை மறைப்பது சரியா என்ற வினா எழத்தான் செய்கிறது. அதை நீங்களே எழுப்புங்கள். கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டால் எந்த நல்ல படமும் வெறும் பொழுதுபோக்கே. உடன் அமருங்கள், மொழி புரியாத இடத்தில் நிறுத்தி விளக்குங்கள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் எனக் கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருங்கள். தமிழில் ‘அக்கா குருவி’ என 2022இல் இதன் மறுவடிவமும் வெளிவந்தது. ஆயினும் மூலத்தையே முதலில் காட்டுங்கள்.

இறுதியில் அலி ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறான். மூன்றாம் பரிசுதான் காலணி. அவனோ தவறி முதலாவதாக வந்து, கோப்பையைப் பெற்று, அழுகிறான். அதே வேளையில் தந்தையின் மிதிவண்டியில் இரு ஜோடிப் புதிய காலணிகள் கண நேரம் தென்படுகின்றன. அக்கணத்தில் நீங்கள் சுட்டிக்காட்டிவிடாதீர்கள். குழந்தையே கண்டு உங்களிடம் சொல்லட்டும்.