நெருக்கத்தில் சிதையும் ஒட்டுப்புரதம்: விப்ரியோ காலரேயின் ஜிபிபி-ஏ

காலரா நோயை உண்டாக்கும் விப்ரியோ காலரே, கழிமுக நீரில் நுண்ணிய ஓட்டுயிரிகளின் கைட்டின் பரப்பிலும், மனித உடலில் சிறுகுடலின் உட்பரப்பிலும் ஒட்டி வாழ்கிறது. இவ்விரு பரப்புகளிலும் காணப்படும் என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்னும் சர்க்கரைக்கூற்றைப் பற்றுவது ஜிபிபி-ஏ என்ற சுரப்புப் புரதம். இதன் பணி 2005ஆம் ஆண்டு விளக்கப்பட்டது.

வளர்ப்பூடகத்தில் உயிரணுக்கள் குறைவாக உள்ளபோது இப்புரதம் தெளிநீரில் காணப்படுகிறது. அடர்த்தி மிகும்போது, ஹாப்-ஆர் என்னும் ஒழுங்குபடுத்தும் புரதத்தை உருவாக்கும் திரிபுகளில் அது தென்படுவதில்லை. மரபணு செயலடங்கியதே காரணம் என்று முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் உற்பத்தி நின்றாலும் ஏற்கெனவே வெளியேறிய புரதம் தானாக மறைந்துவிடாது. ஹாப்-ஏ, பிஆர்டி-வி ஆகிய இரு புரதச்சிதைப்பு நொதிகள் அதனைக் காலப்போக்கில் சிதைக்கின்றன என்பது 2009இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று.

இந்நொதிகள் உரிய வேளையில் மட்டும் தோன்றுவது செறிவுணர்தலின் விளைவு. பாக்டீரியம் சிஏஐ-1, ஏஐ-2 என்னும் சமிக்ஞை மூலக்கூறுகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அவை குறைவாக உள்ளபோது லக்ஸ்-ஓ பாஸ்பேட்டேற்றம் பெற்று, சிற்றார்என்ஏக்களைத் தூண்டி, ஹாப்-ஆர் உருவாவதைத் தடுக்கிறது. கூட்டம் பெருகிச் சமிக்ஞை மிகும்போது இத்தடை நீங்குகிறது. ஹாப்-ஆர் தோன்றி அவ்விரு நொதிகளின் மரபணுக்களையும் தூண்டுகிறது. ஜிபிபி-ஏயும் அதனைச் சிதைக்கும் ஹாப்-ஏயும் இரண்டாம் வகைச் சுரப்பமைப்பு என்ற ஒரே வாயில் வழியாகவே வெளியேறுகின்றன என்பது வியப்புக்குரியது.

இவ்வாய்வின் வலிமை அதன் கட்டுப்பாட்டுச் சோதனையில் உள்ளது. இரு நொதி மரபணுக்களும் நீக்கப்பட்ட திரிபு கைட்டின் மணிகளில் இயல்புத் திரிபைவிட மிகுதியாக ஒட்டியது. ஜிபிபி-ஏ மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது அம்மிகுதி மறைந்தது. எனவே ஒட்டுதல் கூடியதற்குச் சிதையாமல் எஞ்சிய ஜிபிபி-ஏயே காரணம் எனக் கொள்ளலாம்.

திரிபுத் தேர்விலும் கவனம் வேண்டும். பரவலாகப் பயன்படும் என்16961 திரிபில் ஹாப்-ஆர் மரபணு சட்டகப் பிறழ்வால் செயலிழந்துள்ளது. அதில் மட்டும் சோதித்தால் இந்நிகழ்வே கண்ணில் படாது. அதுபோலவே, தெளிநீரில் புரதம் இல்லை என்பதைக் கொண்டு மரபணு வெளிப்படவில்லை என முடிவுகட்டுவதும் தவறாகும்.

நெருக்கம் மிகுந்த பரப்பைவிட்டு பாக்டீரியம் விலக இச்சிதைவு உதவக்கூடும் என்ற கருத்து பொருத்தமானதே. எனினும் மணிகளில் கண்டதை அப்படியே குடலுக்குப் பொருத்த இயலாது. ஹாப்-ஏ குடற்சளியின் மியூசினையும் சிதைக்க வல்லது. ஆதலால் குடலில் நிகழும் விலகல் பற்றும் புரதம் அழிந்ததாலா, பற்றப்பட்ட பரப்பே கரைந்ததாலா என்பதைத் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.