சேனையில் வளர்ந்த பிள்ளை



மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் வரும் நூற்றுக்கு அதிபதியை நாம் அனைவரும் அறிவோம். ஆண்டவரிடம் பேசும்போது அவர் தமக்குக் கீழிருந்த சேவகரைப் பற்றி முதலில் சொல்லவில்லை. தாமே அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர் என்பதையே முதலில் அறிக்கையிட்டார். அவர் வந்த காரணமும் பதவியன்று. வீட்டில் திமிர்வாதமாய்க் கிடந்த ஒரு வேலைக்காரன். வேதாகமக் கல்லூரியில் இப்பகுதியை நான் இலக்கணம் பிரித்துப் படித்தேன். அதன் பொருளையோ அதற்கு வெகுகாலம் முன்பே என் தகப்பனாரிடம் கண்டிருந்தேன்.

அவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தார். விடுப்பில் வந்திருக்கையில் பிள்ளைகளில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், அம்மாவை உறங்கச் சொல்லிவிட்டு நள்ளிரவுக்குப் பின்னான நேரத்தைத் தாமே எடுத்துக்கொள்வார். "இரண்டு மணிக் காவலை மற்றவன் தலையில் கட்டிவிட்டு நான் தூங்கினால், பகலில் என் சொல்லை எவன் கேட்பான்?" என்பார். தலைமைத்துவத்தைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது அவ்வளவே.

இதை எழுதத் தூண்டியது வேறொரு பிள்ளையின் சரித்திரம். திருவனந்தபுரம் கவடியார் வழியாகப் போகிற நம்மில் பலர் அங்குள்ள இரட்சணிய சேனையின் தலைமையகத்தைப் பார்த்திருப்போம். குமரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த குடும்பங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள கேத்தரின் பூத் மருத்துவமனையும் தெரிந்ததே. அதன் தொடக்கத்தில் நின்றவர் ஹாரி ஆண்ட்ரூஸ். தாயை இழந்த குழந்தையாகிய அவரை எடுத்து வளர்த்தவர், சேனையின் ஸ்தாபகர் ஜெனரல் வில்லியம் பூத்தின் மகள் எம்மா. (ஞானஸ்நானம் முதலிய உபதேசங்களில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு. அதற்காக அவர்களுடைய தியாகத்தைக் காணாமல் போவது நமக்கே நஷ்டம்.)

எம்மா ஏறத்தாழ இருபது வயதிலேயே பெண் ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றவர். 1888-இல் பிரெடெரிக் டக்கரை மணந்து இந்தியாவுக்கு வந்தார். டக்கர் இந்திய சிவில் சர்வீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, 1882-இல் பம்பாயில் சேனையின் ஊழியத்தைத் தொடங்கியவர். அக்காலத்தில் இங்கு வந்த சேனை ஊழியர்கள் இந்திய உடை உடுத்தி, வெறுங்காலோடு நடந்து, ஏழைகள் உண்டதையே உண்டார்கள். ஜெனரலின் மகளும் இதற்கு விலக்கல்ல. 'ரஹீமன்' என்று இந்தியப் பெயரும் தரித்துக்கொண்டார். பதின்ம வயதில் இந்தியா வந்த ஹாரி, தன்னை வளர்த்த தாயிடம் கண்டது இந்த வாழ்க்கையை.

1890-களில் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நாகர்கோவிலுக்கு ஹாரி அனுப்பப்பட்டார். அப்போது அவர் டாக்டர் அல்லர், கட்டிடமும் இல்லை. ஒரு சிறிய குளியலறையையே மருந்தறையாக்கி நோயாளிகளைக் கவனித்தார். குளியலறை! புதிய சபைக் கட்டிடத்தில் போதகரின் அறைக்கு ஏ.சி. வைப்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் விவாதிக்கிற நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 1900-இல் டாக்டர் பெர்சி டர்னர் வந்து அவ்வூழியத்தை மருத்துவமனையாக வளர்த்தெடுத்தார். ஹாரி பின்னர் வட இந்தியாவிலும் சேனையின் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார்.

எம்மா 1903-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் ஒரு ரயில் விபத்தில் மரித்தார். அவர் கண்ட கடைசிப் பலனை ஹாரியின் வாழ்க்கையில் எழுத முடியாது; அது பதினாறு ஆண்டுகளுக்குப் பின்பே வந்தது.

முதல் உலகப் போரின்போது ஹாரி இந்திய மருத்துவப் பணியில் தற்காலிக கேப்டனானார். 1919 அக்டோபர் 22 அன்று, வசீரிஸ்தானில் கஜூரி காவல்நிலைக்கு அருகே ஒரு வாகன அணி தாக்கப்பட்டது. அந்நிலையின் மூத்த மருத்துவ அதிகாரி அவர்தாம். இளையவர் ஒருவரை அனுப்பியிருக்கலாம். தாமே ஆம்புலன்ஸ் குழுவோடு புறப்பட்டார். காயம்பட்டவர்களுக்கு ஓரளவு மறைவு கிடைக்கும் இடமாகப் பார்த்து முதலுதவி நிலையை அமைத்தார். சிகிச்சை செய்தவர்களுக்கோ மறைவே இல்லை. குண்டுகள் பாய, வேறிடத்துக்கு மாற்ற நேர்ந்தது. காயமுற்றோரை ஏற்றிச்செல்ல வண்டி வந்தபோது, அவர்களை ஒவ்வொருவராக ஏற்றி முடித்து, கடைசியாகத் தாம் ஏறக் கால் வைத்த வேளையில் சுடப்பட்டு மரித்தார். பிரிட்டிஷ் அரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. ஆயுதம் ஏந்திச் சுட்டதற்காக அல்ல, காயம்பட்டோரைக் காத்ததற்காக.

இதே குடும்பத்தின் இன்னொரு சம்பவத்தையும் மறைக்கலாகாது. வில்லியம் பூத் 1912-இல் மரித்தபோது, அவர் முத்திரையிட்டு வைத்திருந்த உறையில் அடுத்த ஜெனரலாக எழுதப்பட்டிருந்தது மகன் பிராம்வெல்லின் பெயர். பிராம்வெல் உழைப்பாளி, பக்திமான், அதில் சந்தேகமில்லை. ஆயினும் 1929-இல் சேனையின் உயர் ஆலோசனைச் சபை கூடி, சுகவீனமுற்றிருந்த அவரைப் பதவியிலிருந்து நீக்கிற்று. அதுமுதல் ஜெனரல்கள் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். உறையிலிருந்து மகனுக்கு வந்தது பதவி. வளர்ப்புப் பேரனுக்கு எந்த உறையும் இல்லை; ஜெனரலின் வீட்டு நடத்தை அவனிடம் போய்ச் சேர்ந்தது. சாமுவேல் தீர்க்கதரிசிகூடத் தம் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பொருளாசைக்குச் சாய்ந்தார்கள். மோசேக்கு இரண்டு குமாரர் இருந்தும் அவருக்குப்பின் ஜனத்தை நடத்தினவன் யோசுவா. நம் பெந்தெகொஸ்தே சபைகளில் இதை வெளிப்படையாகப் பேச நமக்குத் துணிவு குறைவு. எனக்கும்தான்.

சென்ற ஆண்டு எங்கள் சபையின் மூப்பர்கள் என் மகனை உதவிப் போதகராக நியமிக்கும்படி கேட்டார்கள். அன்பினால் கேட்டார்கள். என் மாம்சமும் மகிழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "சற்றுப் பொறுங்கள், ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

இங்குள்ள மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் ஆர்.சி.சி.க்குத் தென் தமிழகத்திலிருந்து புற்றுநோயாளிகள் பலர் வருகிறார்கள். நோயாளிக்குத் துணையிருப்பவரை இவ்வூரில் 'பைஸ்டாண்டர்' என்பார்கள். மொழி தெரியாமல், பல இரவுகள் கண்மூடாமல் சோர்ந்திருக்கும் அவர்களுக்கு மாற்றாக இருக்க எங்கள் வாலிபரில் சிலர் முறைவைத்துப் போகிறார்கள். என் மகனும் இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் போகிறான். எந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறான் என்று நான் கேட்கவில்லை. மூப்பர்களுக்கு இன்னும் பதில் சொல்லவுமில்லை.