ரோஸ்மில்க் சுவரும் ஒரு டியூப்லைட்டும்!

‘‘என்னடா, லைட் போடலையா?’’

லைட் எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே இப்படி ஒருத்தர் கேட்டா எப்படி இருக்கும்? எங்க ரூமுக்கு வர்ற எல்லாரும் வாசல்லயே கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

தாம்பரம் பக்கம், மொட்டை மாடியில் ஒரே ரூம். ட்ரிபிள்-ஈ படிக்கிற நான், ஒரு சிவில், ஒரு மெக்கானிக்கல், ஒரு ஐ.டி. என நாலு பேர் குடித்தனம். எங்களுக்கு முன்னாடி இருந்த சீனியர் அண்ணன்கள் ஏதோ ஒரு ஜோரில் மூணு சுவருக்கு அடர் மெரூன் கலர் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. நாலாவது, பாத்ரூமை ஒட்டின சுவர். அதில் ஓதம் ஏறி, உப்பு பூத்து, உலக வரைபடம் மாதிரி இருக்கும். ஹவுஸ் ஓனர் தாத்தா வாடகையை 500 ரூபாய் குறைச்சதோட ஒரு கண்டிஷனும் போட்டார். ‘‘காலி பண்ணும்போது ரூம் வெள்ளையா இருக்கணும் தம்பி. இல்லேன்னா அட்வான்ஸ்ல எட்டாயிரம் கழிச்சுப்பேன்.’’

அட்வான்ஸை விடப் பெரிய பிரச்னை ஐ.டி.காரனுக்கு. மேத்ஸ் அரியர், ரெண்டாவது அட்டெம்ப்ட். ராத்திரி புத்தகத்தை விரிச்சா அவன் தலை நிழலே பக்கத்து மேல விழும். அரை மணி நேரத்துல கண்ணைக் கசக்குவான், தலை வலிக்குதும்பான். தெரு முனை டீக்கடை லைட்டில் நின்னு படிச்சான்னு சொன்னா நம்பவா போறீங்க? (மங்கலான வெளிச்சத்தில் படிச்சா கண் நிரந்தரமா கெட்டுப்போகாது. ஆனா சீக்கிரம் சோர்ந்துபோகும். அரியர் எக்ஸாமுக்கு அது போதாதா!)

‘நாமளே வெள்ளை அடிச்சிடலாம் மச்சி’ என்று ஒரு சனிக்கிழமை ராத்திரி களத்தில் இறங்கினோம். நாலு லிட்டர் வெள்ளை எமல்ஷன். ‘பத்தலைன்னா?’ என்ற பயத்தில் தாராளமா தண்ணி. மெரூனுக்கு மேல நேரடியா ஒரு கோட்டு. விடிஞ்சு பார்த்தா மூணு சுவரும் ரோஸ்மில்க் கலர்! நகத்தால் சுரண்டினா பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிஞ்சு வந்தது. ஓதம் இருந்த சுவர் பத்தே நாளில் கொப்பளம் விட்டுக் கொட்ட ஆரம்பிச்சது. காசும் போச்சு, மானமும் போச்சு.

அப்பதான் சிவில்காரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ‘‘எங்கப்பாவைக் கேட்கட்டுமா?’’

ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து ‘அப்பா என்ன பண்றார்?’னு யார் கேட்டாலும் ‘பிசினஸ்’னு முடிச்சுக்குவான். அவர் விழுப்புரத்தில் பெயின்டர். முப்பது வருஷமா அதே வேலை. எங்களுக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சப் பை. உள்ளே பாலிதீன் கவரில் சுத்தின ரெண்டு பிரஷ், பட்டி தகடு, உப்புத்தாள். ரோஸ்மில்க் சுவரைப் பார்த்துச் சிரிக்கலை, பாவம். மெரூனைச் சுரண்டிப் பார்த்துட்டு, ‘‘இது ஆயில் பெயின்ட் தம்பி. வழவழன்னு இருக்கிற இடத்துல தண்ணி பெயின்ட் எப்படிப் பிடிக்கும்? தேய்ச்சு சொரசொரப்பாக்கணும், அப்புறம் பிரைமர், அதுக்கு மேலதான் பெயின்ட்’’ என்றார். ‘‘தண்ணி அதிகமா ஊத்தினா பெயின்ட்தான் மிஞ்சும், வேலை மிஞ்சாது. எவ்வளவு ஊத்தணும்னு டப்பாவுலயே போட்டிருக்கானே, யாருமே படிக்கிறதில்ல!’’ நாலு இன்ஜினீயர்களும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். ஆமாம், போட்டிருந்தது.

தேய்க்கும்போது சுவரை ஈரத் துணியால் நனைச்சுக்கிட்டே தேய்க்கச் சொன்னார், தூசி பறக்காமல் இருக்க. இதுல நான் ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டில் விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதுக்கு முந்தின ஆயில் பெயின்ட்டில் என்ன இருக்குமோ, யாருக்குத் தெரியும்? பழைய சுவரைத் தேய்க்கிறவங்க மாஸ்க் போடுங்க, ஈரமாத் தேயுங்க, குழந்தைங்களைப் பக்கத்துல விடாதீங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா வேற டெஸ்ட்: கையால் தடவினா வெள்ளையா ஒட்டுதா? அதையெல்லாம் சுரண்டி எடுக்காமல் மேல அடிக்கிற எதுவும் நிற்காது.

ஓதச் சுவரை மட்டும் அவர் தொடவே இல்லை. ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிட்டு, ‘‘நாளைக்குப் பார்ப்போம்’’ என்றார். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணி. அதாவது ஈரம் ரூம் காத்திலிருந்து வரலை, சுவருக்குள்ளிருந்து வருது. வெளிப்பக்கம் நனைஞ்சிருந்தால் அது ரூம் காத்தோட ஈரம், ஜன்னலைத் திறந்து வெச்சா போதும். எங்க கேஸில் பாத்ரூம் பைப் ஜாயின்ட் கசிவு. தாத்தாகிட்ட தாளோட போய்க் காட்டினதும் மறுபேச்சில்லாமல் பிளம்பரைக் கூப்பிட்டார். அதுவரைக்கும் ‘பசங்க தண்ணியைக் கண்டபடி ஊத்துறாங்க’ன்னு எங்களைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார்! கசிவை அடைச்ச பிறகும் ஒரு மாசம் அந்தச் சுவரைக் காயவிட்டு, மறுபடி தாள் ஒட்டிப் பார்த்துத்தான் பட்டி பார்த்தோம்.

ரெண்டு நாள்ல சீலிங்குக்கும் மூணு சுவருக்கும் தேய்ப்பு, பட்டி, பிரைமர். பெயின்ட் அடிக்கும் வேலையை எங்ககிட்டயே விட்டுட்டார். சொல்லிக் கொடுத்தது இதுதான்: முதலில் சீலிங், அப்புறம் சுவர், மேலிருந்து கீழ். ஓரம், மூலை, சுவிட்ச் போர்டைச் சுத்தி பிரஷ்ஷால் ஒரு சாண் அகலத்துக்கு அடிச்சுட்டு, அது காயும் முன்னாடியே ரோலர். சுவரின் பாதியில் டீ குடிக்கப் போனால் அங்கே ஒரு கோடு நிரந்தரமா நிற்கும் (மெக்கானிக்கல்காரன் போனான். நிற்கிறது). முதல் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம். அடிக்கும்போது ஃபேன் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கணக்கு என் டிபார்ட்மென்ட். 12-க்கு 10 அடி ரூம், உயரம் 10. நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, ரெண்டு ஜன்னல் கழிச்சா 387. சொரசொரப்பான சுவருக்கு, ரெண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 100 சதுர அடின்னு வெச்சுக்கிட்டா நாலு லிட்டர். சீலிங்குக்குத் தனியா ஒன்றரை லிட்டர்.

கலர் விஷயத்துல ஒரே ஒரு சண்டை. ஐ.டி.காரனுக்கு அடர் நீலம் வேணும். நல்ல வெள்ளை, விழுற வெளிச்சத்தில் எண்பது சதவிகிதம் வரை திருப்பி அனுப்பும். அடர் நீலம் பத்து சதவிகிதம் கொடுத்தாலே பெரிசு. மிச்சத்தைச் சுவரே சாப்பிட்டுடும். ‘உனக்கு நீலம் வேணுமா, பாஸ் ஆகணுமா?’ என்றதும் ஆஃப்-ஒயிட்டுக்கு ஒத்துக்கிட்டான். உங்களுக்குக் கலர் கட்டாயம் வேணும்னா, கார்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. முழுச் சுவருக்கு வரும்போது இன்னும் அடர்த்தியாத் தெரியும். ஓர் அடிச் சதுரம் சுவரிலேயே அடிச்சு, காலையில் ஒரு தடவை, ராத்திரி லைட்டில் ஒரு தடவை பாருங்க.

அடுத்து லைட். பழைய சோக் வெச்ச 40 வாட் டியூப்லைட், சோக் நஷ்டத்தோட சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதுவும் படிக்கிற டேபிளுக்கு நேர் பின்னாடி மாட்டியிருந்தது. நிழல் விழாமல் என்ன செய்யும்? அதைக் கழட்டிட்டு 20 வாட் எல்.இ.டி. பேட்டன், எதிர்ச் சுவரில். வயரிங் வேலைக்கு எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டோம். ‘ட்ரிபிள்-ஈ படிக்கிறே, நீயே பண்ணேன்டா’ன்னு கிண்டல் பண்ணாங்க. படிக்கிறதாலதான் பயம், பாஸ்!

20 வாட் பேட்டன் ஏறக்குறைய 2,000 லூமன் தரும். எங்க ரூம் 11 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் 180 லக்ஸ். அதிலும் சுவர், சீலிங் என்று போகிறது போக டேபிளுக்கு வர்றது பாதிதான். படிக்கக் குறைஞ்சது 300 லக்ஸ் வேணும். அதுக்காக இன்னும் ரெண்டு டியூப்லைட் மாட்டுறது தண்டம். 7 வாட் எல்.இ.டி. டேபிள் லாம்ப் ஒண்ணு போதும். பிளஸ் டூவில் படிச்ச ‘தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம்’ ஞாபகம் இருக்கா? பல்பை நாலு அடியிலிருந்து ரெண்டு அடிக்கு இறக்கினால் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. வலது கையால் எழுதுறவங்க லாம்ப்பை இடது பக்கம் வைங்க, கை நிழல் எழுத்தில் விழாது.

பல்பு வாங்கும்போது அட்டையில் ‘கே’ போட்ட ஒரு நம்பர் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். லாம்ப்புக்கு நடுவாந்தரமா 4000 வாங்கினோம். தூங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் மஞ்சள் விளக்கு மட்டும். நீல வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

மொத்தச் செலவு, ரோஸ்மில்க் தண்டச் செலவு தவிர, ஆளுக்கு 800 ரூபாய். பெயின்டர் கூலி? அங்கிள் வாங்கவே மாட்டேன்னுட்டார். பஸ் செலவுக்காவது வெச்சுக்கோங்கன்னு பையில் திணிச்சதை, பிரைமர் டப்பாவுக்கு அடியில் வெச்சுட்டுப் போயிட்டார். இன்னொண்ணு, தாத்தாகிட்ட ‘பெயின்ட் அடிச்சாச்சு, அட்வான்ஸில் கழிக்க மாட்டேன்’னு ஒரு பேப்பரில் எழுதி வாங்கிட்டோம். 2019-ல் அமலான தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே எல்லாத்தையும் எழுத்தில் வெச்சுக்கத்தான் சொல்லுது. சுவரோட முன், பின் போட்டோவும் மொபைலில் பத்திரம்.

ஐ.டி.காரன் ரிசல்ட் இன்னும் வரலை. டீக்கடைக்குப் போறான், டீ குடிக்க மட்டும்.

போன வாரம் தாத்தா மாடிக்கு வந்தவர், சுவரைத் தடவிப் பார்த்துக்கிட்டே நின்னார். ‘‘கீழ ஹாலும் இப்படித்தான் இருக்கு... நல்ல பெயின்டர் யாராவது இருந்தா சொல்லுங்களேன்?’’

நாங்க மூணு பேரும் வாயைத் திறக்கலை. சிவில்காரன்தான் மொபைலை எடுத்தான். ‘‘எங்கப்பா நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க தாத்தா!’’