உயிர்மின் சமிக்ஞைப் பெருக்கிகளில் இரைச்சலும் மின்திறனும்: எவ்வளவு குறைந்தால் போதும்?

ஆய்வுச்சுருக்கம்

உடலின் மின் சமிக்ஞைகளைப் பதிவுசெய்யும் பெருக்கியில் இரைச்சலும் மின்திறன் செலவும் ஒருசேரக் குறைய வேண்டும். ஆனால் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடுகிறது. 2003இல் வெளியான ஒரு நரம்புப் பதிவுப் பெருக்கியைச் சான்றாகக் கொண்டு, இம்முரண் கையாளப்படும் முறையையும், இரைச்சலை எந்த அளவுவரை குறைப்பது பயனுடையது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

இதயத்தின் மின் துடிப்பு மார்புத் தோலின்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவில் கிடைக்கிறது. உச்சந்தலையில் பதிவாகும் மூளை அலைகள் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரையிலானவை. மூளைப் புறணிக்குள் செருகிய நுண் மின்முனைக்கு அருகில் ஒரு நரம்பணு கிளர்வுறும்போது எழும் துடிப்பு, பெரும்பாலும் 50 முதல் 500 மைக்ரோவோல்ட் அளவினது. அதன் கூறுகள் 100 ஹெர்ட்ஸ் முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியுள்ளன.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே வடிவமைப்புக்குக் கடினமானது. இங்குப் பெருக்கி உடலுக்குள் பதிக்கப்படுவதால், அது செலவிடும் மின்திறன் வெப்பமாகத் திசுவைச் சேர்கிறது. ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 80 மில்லிவாட் வெப்பப் பாய்வு தசைத் திசுவை மடியச் செய்யக்கூடும் என்று ஆய்வில் பதிவாகியுள்ளது.

இரைச்சலின் விலை

டிரான்சிஸ்டரின் வெப்ப இரைச்சல், அதன் கடத்துமாற்றத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. வலுக்குறைந்த தலைகீழ் நிலையில் இயங்கும் டிரான்சிஸ்டரில் கடத்துமாற்றம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே இரைச்சலைப் பாதியாக்க மின்னோட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும்.

இவ்விரு அளவுகளையும் சேர்த்து மதிப்பிட, 1987இல் ஸ்டேயார்ட், சான்சென் ஆகியோர் இரைச்சல் வினைத்திறன் காரணியை முன்வைத்தனர். வெப்ப இரைச்சல் மட்டுமே கொண்ட ஓர் இலட்சிய இருமுனைவு டிரான்சிஸ்டர், அதே மின்னோட்டத்திலும் பட்டையகலத்திலும் தரும் இரைச்சலைப் போல ஒரு பெருக்கியின் இரைச்சல் எத்தனை மடங்கு என்பதே இக்காரணி. இதன் மதிப்பு குறையக் குறைய வடிவமைப்பு சிறப்புடையதாகும்.

ஒரு வடிவமைப்பு

யூட்டா பல்கலைக்கழகத்தின் ரீட் ஹாரிசனும் கேமரன் சார்லஸும் 2003இல் வெளியிட்ட பெருக்கி இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படுவது. மின்முனைக்கும் திசுவுக்கும் இடையே எழும் நிலை மின்னழுத்தம் சமிக்ஞையைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். அதனை உள்ளீட்டு மின்தேக்கிகள் தடுக்கின்றன. 20 பிக்கோஃபாரட் உள்ளீட்டு மின்தேக்கிக்கும் 200 ஃபெம்டோஃபாரட் பின்னூட்ட மின்தேக்கிக்கும் உள்ள விகிதமே பெருக்கத்தை ஏறத்தாழ 100 என நிறுவுகிறது.

பதிவின் கீழ் எல்லை 0.025 ஹெர்ட்ஸ். இவ்வளவு சிறிய மின்தேக்கியைக் கொண்டு இந்த எல்லையைப் பெற ஏறத்தாழ 32 டெராஓம் மின்தடை வேண்டும் எனக் கணக்கிடலாம். இதனைச் சில்லில் வழக்கமான மின்தடையாக அமைக்க இயலாது. எனவே டிரான்சிஸ்டர்களையே போலி மின்தடையாக இணைத்துள்ளனர். அதன் மதிப்பு துல்லியமாகக் கட்டுப்படுவதன்று. வெளியீட்டு அலைவு பெரிதாகும்போது மாறவும் செய்யும்.

இரைச்சலைக் குறைக்கும் உத்தி டிரான்சிஸ்டர்களின் அளவுகளில் உள்ளது. உள்ளீட்டு இணை அகலமானது. வலுக்குறைந்த தலைகீழ் நிலையில் இயங்கி, கிடைக்கும் மின்னோட்டத்துக்கு மிகுதியான கடத்துமாற்றத்தைத் தருகிறது. சுமை டிரான்சிஸ்டர்கள் குறுகி நீண்டவை. வலுவான தலைகீழ் நிலையில் இயங்குவதால் அவற்றின் இரைச்சல் பங்களிப்பு சிறிது. மினுக்க இரைச்சலைக் குறைக்க உள்ளீட்டில் பரப்பு மிகுந்த பி-வகை டிரான்சிஸ்டர்கள் பயன்படுகின்றன. எனினும் பரப்பு அளவு மீறினால், வாயிலின் மின்தேக்கம் உள்ளீட்டுச் சமிக்ஞையைக் குறைத்து, இரைச்சலை மீண்டும் ஓங்கச் செய்யும்.

இதன் உள்ளீட்டு இரைச்சல் 2.2 மைக்ரோவோல்ட், மின்திறன் 80 மைக்ரோவாட், வினைத்திறன் காரணி 4.0. இவ்வகைச் சுற்றுக்குக் கோட்பாட்டளவில் கிட்டும் எல்லை ஏறத்தாழ 2.9.

போதுமான அளவு

மூளைத் திசுவில் பதிவுசெய்யும்போது பின்னணி இரைச்சலே 5 முதல் 10 மைக்ரோவோல்ட் வரை இருக்கும். சார்பற்ற இரைச்சல்கள் வர்க்கங்களாகக் கூடுகின்றன. பின்னணியை 5 எனக் கொண்டால், 2.2 மைக்ரோவோல்ட் பெருக்கியுடன் மொத்தம் 5.46 ஆகிறது. பெருக்கியின் இரைச்சலை 1.1 ஆகக் குறைத்தால் மொத்தம் 5.12 மட்டுமே. கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 6 விழுக்காடு. செலவோ நான்கு மடங்கு. 100 மின்முனைகள் கொண்ட பதிகருவியில் பெருக்கிகளின் மொத்தத் திறன் 8 மில்லிவாட்டிலிருந்து 32 மில்லிவாட்டாக உயரும். பிற சுற்றுகளின் வெப்பமும் இதனுடன் சேரும்.

உச்சந்தலைப் பதிவுக்கு இக்கணக்கு வேறு. அதே அமைப்பை 30 ஹெர்ட்ஸ் பட்டையகலத்துக்கு மாற்றியபோது, 0.9 மைக்ரோவாட் திறனில் 1.6 மைக்ரோவோல்ட் இரைச்சல் கிட்டியது. பட்டையகலம் சுருங்கும்போது அதற்கேற்ப மின்னோட்டத்தையும் குறைக்க முடிகிறது.

முடிவுரை

இயன்றவரை இரைச்சலைக் குறைப்பது மட்டுமே நல்ல வடிவமைப்பின் இலக்காகாது. அளக்கப்படும் இடத்தின் பின்னணி இரைச்சலையும் சமிக்ஞையின் பட்டையகலத்தையும் முதலில் அறிய வேண்டும். பெருக்கியின் இரைச்சல் பின்னணியின் பாதிக்கும் கீழே வந்தபின், மேலும் செலவிடும் மின்னோட்டம் பதிவைச் சிறிதளவே தெளிவாக்குகிறது. திசுவின் வெப்பச் சுமையையோ அதே விகிதத்தில் கூட்டுகிறது.