ஒளி செதுக்கும் கணக்கு

நார்த்தாமலையில் மேலமலைப் பாறைமேல் இருக்கும் விஜயாலய சோழீச்சரத்தின் விமானத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டுக் கோயில். கீழ்த்தளங்கள் சதுரம், உச்சித்தளம் வட்டம். தளங்களின் விளிம்பில் கர்ணகூடம், சாலை என்று குட்டிக் கோயில்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரை. கோயிலின் மேலேயே கோயில்! கல்லில் இது இரண்டு மூன்று படியோடு நின்றுவிடும். அதற்குமேல் உளி நுழையாது.

கணக்குக்கு அந்தத் தடை இல்லை. எவ்வளவு நெருங்கினாலும் நுணுக்கம் விரிந்துகொண்டே போகும் உருவங்களுக்கு 1975இல் கணிதவியலாளர் மாண்டல்பிரோ ‘ஃபிராக்டல்’ என்று பெயர் வைத்தார். அவர் பெயரால் வழங்கும் கணத்தின் விதி மிகச் சிறியது. பூஜ்யத்தில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, ஒரு கலப்பெண்ணை, அதாவது தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கும் எண்ணை, கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்தி அதே எண்ணைக் கூட்ட வேண்டும். சில எண்களுக்கு விடை கட்டுமீறி ஓடிவிடும். சிலவற்றுக்கு எல்லைக்குள்ளேயே கிடக்கும். அப்படி எல்லைக்குள் நிற்பவற்றின் தொகுப்பே அந்த உருவம். ஆனால் தட்டையானது.

2009இல் டேனியல் ஒயிட்டும் பால் நைலாண்டரும் இதை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். வர்க்கத்துக்குப் பதிலாக எட்டாம் அடுக்கு. புள்ளியின் திசையைச் சொல்ல ஒரு கோணத்துக்குப் பதிலாக இரண்டு. கலப்பெண்ணைப் போல முறையான பெருக்கல் முப்பரிமாணத்தில் இல்லாததால், கணிதப்படி இது ஒட்டுவேலைதான். இருக்கட்டும், பிறந்த ‘மாண்டல்பல்ப்’ அழகாக இருக்கிறதே.

எனக்குப் பெரிய வியப்பு இதன் வெளிச்சம்தான். கணினியில் விளக்கும் இல்லை, பொருளும் இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிர் கிளம்புகிறது. எந்த இடத்தில் நின்றாலும், ‘இவ்வளவு தூரத்துக்குள் பரப்பு எதுவும் இல்லை’ என்று சூத்திரம் சொல்லிவிடும். கதிர் அந்தத் தூரத்தைத் துணிந்து தாண்டும், மறுபடி கேட்கும். பரப்பை நெருங்க நெருங்க ஒவ்வொரு தாவலும் சுருங்கும். ஹார்ட், சாண்டின், காஃப்மன் மூவரும் 1989இலேயே ஃபிராக்டலுக்குப் பயன்படுத்திக் காட்டிய வழி இது. இடுக்குகளுக்குள் போகும் கதிருக்குத் தாவல்கள் அதிகம் தேவை. தாவல் கூடிய இடத்தை இருட்டாக்கினால் போதும், பள்ளங்களில் நிழல் தேங்கியதுபோல ஆழம் வந்துவிடும். ஏமாற்றுதான், ஆனால் கண் நம்பிவிடுகிறது.

உண்மையான ஒளிபோல வேண்டுமென்றால், கதிர் பரப்பில் பட்டுத் தெறித்து அடுத்த பரப்பில் படுவதையும் கணக்கிட வேண்டும். அதற்கான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986இல் எழுதினார். கதிர்களைக் குறைத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல்; கூட்டினால் நேரத்தை விழுங்கும்.

மாண்டல்பல்பர் என்ற இலவச மென்பொருளில் யாரும் முயன்று பார்க்கலாம். அதன் கற்பனை விளக்கை நேர் எதிரே வைத்தால் அத்தனை நுணுக்கமும் வெளிறி, காலிஃபிளவர்தான் மிஞ்சும். பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள்.