சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கியும் கொல்லர் அறிந்த இரும்பும்

பாலக்காட்டுக் கோட்டையை ஹைதர் அலி 1766-இல் கட்டுவித்தார். கோயம்புத்தூருக்கும் மலையாளக் கரைக்கும் இடையேயுள்ள கணவாயைக் காத்த இக்கோட்டை 1783-இலும் 1790-இலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அக்காலப் போர்களில் இரு தரப்பினரும் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைக் கையாண்டனர். போர்க் கருவியாகிய இது, உலோகங்களின் குணத்தை நன்கறிந்த கைவினைஞரின் படைப்புமாகும்.

பழைய துப்பாக்கிகளில் வெடிமருந்தைப் பற்றவைக்க எரியும் திரி வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் நூரெம்பர்க் முதலிய ஜெர்மன் நகரங்களின் கைவினைஞர்கள், சுழலும் எஃகுச் சக்கரம் ஒரு கனிமத் துண்டில் உராய்ந்து பொறி எழுப்பும் கருவியைச் செய்தனர். அது நுட்பமானது, விலையும் மிகுதி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான சக்கிமுக்கி அமைப்பு அதனினும் எளியது. ஜெர்மனியில் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சூல் நகரத்தாரும் இம்முறையைக் கைக்கொண்டனர்.

இது இயங்கும் விதம் வருமாறு: துப்பாக்கியின் குதிரை, கூரிய சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்ததும் வில் தளர்ந்து, குதிரை முன்னோக்கிப் பாயும். கல், நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டைச் சுரண்டும். தகடு பின்வாங்க, அதன் அடியிலுள்ள ரஞ்சகக் கிண்ணம் திறக்கும். பொறிகள் கிண்ணத்து மருந்தில் விழுந்து, பற்றுவாய் வழியே குழலினுள் தீயைச் செலுத்தும்.

பொறி கல்லிலிருந்து பிறப்பதாகப் பலர் கருதுவர். உண்மையில் எரிவது இரும்பே. கடினமான கல் எஃகின் நுண்துகள்களைச் சீவுகிறது. உராய்வினால் சூடேறிய அத்துகள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி எரிகின்றன. சாணைக்கல்லில் கத்தி தீட்டுகையில் பறக்கும் பொறிகளும் இத்தகையனவே. ஆசிரியர்கள் இவ்வுதாரணத்தைக் கொண்டே பாடத்தை விளக்கலாம், வெடிமருந்து தேவையில்லை.

கொல்லரின் திறமை இங்கேதான் விளங்கும். குழல் வெடித்துச் சிதறாதிருக்க, மென்மையும் உறுதியும் வாய்ந்த தேனிரும்பைக் காய்ச்சி, உருளையின்மேல் சுற்றி அடித்து ஒட்டினர். வில்லுக்கு உரிய எஃகைத் தோய்த்து, நீலநிறம் தோன்றுமட்டும் மீண்டும் சூடாக்கினர். பொறி தரும் தகட்டைக் கரி, எலும்பு முதலியவற்றுடன் மூடிக் காய்ச்சி, மேற்பரப்பில் கார்பன் ஏறச் செய்து கடினமாக்கினர். வெப்பமானியின் துணையோ இரசாயனப் பகுப்பாய்வோ இன்றி, நிறத்தையும் அனுபவத்தையும் துணைக்கொண்டு இவற்றைச் செய்தனர்.

மைசூர்க் கைவினைஞரும் இத்தொழிலில் சிறந்து விளங்கினர். திப்பு சுல்தானுக்காக அவர்கள் செய்த துப்பாக்கிகள் சிலவற்றில் குதிரையே புலி வடிவாக அமைந்துள்ளது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றுட் பல இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன.

இக்கருவிக்கு மழை பெரும் பகை. ரஞ்சகம் ஈரமானால் துப்பாக்கி சுடாது. 1807-இல் ஃபோர்சைத் என்பார், அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக்கொண்டு பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதன் வளர்ச்சியால் சக்கிமுக்கி முறை மெல்ல வழக்கொழிந்தது.

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் பணியாற்றுவோர் பழந்துப்பாக்கி எதையேனும் காண நேரின், எச்சரிக்கை தேவை. உலர்ந்த கருமருந்து நூறாண்டு கடந்தும் தன் ஆற்றலை இழப்பதில்லை. குழல் இன்னும் கெட்டிக்கப்பட்டிருக்கலாம். குதிரையை இழுத்துப் பார்த்தலும், குழலைச் சூடாக்குதலும் உயிருக்கே ஆபத்தாகும். துருவைத் தேய்த்து மெருகேற்றுவதும் தவறு. செய்தவர் முத்திரையும் ஊர் அடையாளமும் அத்துடன் அழிந்துவிடும். பொருளைத் தொடாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அறிவித்தலே முறை. ஓர் எழுத்தளவான முத்திரைகூட, அது சூல் நகரத்துப் பட்டறையில் பிறந்ததா, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்ததா என்பதைச் சொல்லக்கூடும்.